முத்தநாதனின் பென் டிரைவ்

"வைரஸ் எதுவும் இல்லையே, தம்பி?"

"இல்லண்ணே. நேத்துதான் புதுசா வாங்கினேன்."

விசாரணை முடிந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் பென் டிரைவை வாங்கிக் கணினியில் செருகுகிறார். போகவில்லை. திருப்பிச் செருகுகிறார், அப்போதும் போகவில்லை. மறுபடி பழையபடியே திருப்பியதும் போய்விடுகிறது. 'டொடொங்' என்று ஒரு சத்தம். திரையில் புதிதாக ஒரு டிரைவ் முளைக்கிறது. பின்னால் வரிசை நிற்கிறது. சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் மாதிரி, பட்டா நகல் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அவசரம். நம்பாமல் இருக்கக் கடைக்காரருக்கு நேரம் கிடையாது.

அந்தச் சத்தம் வருவதற்கு முன்னால் கணினியும் பென் டிரைவை விசாரித்தது. அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. மனிதருக்கும் சரி, எந்திரத்துக்கும் சரி, கிடைத்தது வெறும் வாய்ச்சொல்தான். இருவரும் அதை நம்பினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை அறிவு என்று ஏற்கலாமா? இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதாடிய வழக்கு இது. இன்று அது நடக்கும் இடங்களில் ஒன்று, கணினியின் ஓரத்தில் இருக்கும் சிறிய செவ்வகத் துளை.

துளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வழக்கமான யு.எஸ்.பி. பிளக்குக்குள் நான்கு உலோகப் பட்டைகள் உண்டு. ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் பேச்சுக்கு. ஓரத்துப் பட்டைகள் சற்று நீளமானவை. அதனால் செருகும்போது மின்சாரம் முதலில் தொடும், பேச்சு பிறகுதான். வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம் ஊர் பேர் கேட்கிற வழக்கம் போல. கருவி 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக ஒரு பேச்சுக் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. 'வந்திருக்கிறேன்' என்பதற்கு அதுதான் அடையாளம். கணினி உடனே எதுவும் கேட்பதில்லை. செருகிய ஆட்டம் அடங்கட்டும் என்று 100 மில்லி விநாடி பொறுக்கிறது. பிறகு கருவியை ஒருமுறை ரீசெட் செய்கிறது. இப்போது கருவியின் முகவரி பூஜ்யம். விலை உயர்ந்த கேமராவானாலும் தெருவோரக் கடையில் வாங்கிய மவுஸானாலும் புதிதாக வருகிற எல்லோருக்கும் பூஜ்யம்தான். அந்த முகவரிக்குப் போகும் முதல் கேள்வி: நீ யார்?

பதில் 18 பைட்டில் வருகிறது. யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஆறு தமிழ்க் குறிகளைச் சேமிக்கப் பிடிக்கும் இடம் அவ்வளவுதான். அதற்குள் தயாரித்த நிறுவனத்தின் எண்ணும் பொருளின் எண்ணும் இருக்கின்றன. கணினி 1 முதல் 127-க்குள் ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு மேலும் விசாரிக்கிறது. அடுத்து வரும் பட்டியலில் கருவி தன் இனத்தைச் சொல்கிறது. 3 என்றால் கீபோர்டு, மவுஸ் வகை. 7 என்றால் பிரிண்டர். 8 என்றால் பென் டிரைவ் போன்ற சேமிப்புக் கருவி. சொன்னது உண்மையா என்று பார்க்க அந்த விதிமுறையில் ஒரு வழியும் வைக்கப்படவில்லை. 8 என்று சொன்னால் 8. 'டொடொங்'.

இவ்வளவு வெள்ளந்தியாக ஏன் வடிவமைத்தார்கள்? அதற்கு முன்பிருந்த நிலைமையை நினைத்துப் பார்த்தால் புரியும்.

1990-களின் தொடக்கத்தில் கணினியின் முதுகு ஓர் அக்கிரகாரமும் சேரியும் போல வாசல் பிரிந்து கிடந்தது. கீபோர்டுக்கு ஒரு வட்டத் துளை, பிரிண்டருக்கு அகலமான பாரலல் போர்ட், மோடத்துக்கு சீரியல் போர்ட், ஜாய்ஸ்டிக்குக்கு இன்னொன்று. ஒன்றின் பிளக் இன்னொன்றில் நுழையாது. புதிதாக எதையாவது மாட்டினால் கணினியை அணைத்துப் போட வேண்டும். சில சமயம் பெட்டியைத் திறந்து கார்டு செருகி, உள் அமைப்புகளையும் மாற்ற வேண்டும். வடோதராவில் படித்து அமெரிக்கா போன அஜய் பட், இன்டெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் பிரிண்டரோடு குடும்பம் பட்ட பாடுதான் தன்னைத் தூண்டியது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மின்சாரத்துக்குச் சுவரில் இருப்பதைப் போல எல்லாவற்றுக்கும் ஒரே துளை ஏன் இருக்கக் கூடாது என்பது அவர் கேட்ட கேள்வி. காம்பாக், டிஇசி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் என்று ஏழு நிறுவனங்கள் சேர்ந்தன. 1996 ஜனவரியில் முதல் விதிமுறை வெளியானது. 1998-ல் ஆப்பிளின் ஐமேக், பழைய துளைகளை எல்லாம் தூக்கிவிட்டு யு.எஸ்.பி.யை மட்டும் நம்பிக் கடைக்கு வந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் அது சட்டமாகவே ஆகிவிட்டது: 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய செல்போன்களுக்கு சார்ஜ் ஏற்றும் துளை யு.எஸ்.பி. டைப்-சி ஆகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வெற்றிக் கதையில் பெரிதாகப் பேசப்படாத ஓர் இழப்பு உண்டு. பழைய துளைகளில் வடிவமே சாட்சியாக இருந்தது. பிரிண்டரின் துளைக்குள் கீபோர்டு நுழைய முடியாது. எனவே கீபோர்டு தன்னைப் பிரிண்டர் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. எந்த வாசலில் நிற்கிறான் என்பதை வைத்து ஆள் யார் என்று சொல்லிவிடலாம். பொதுவாசல் வந்த அன்று எல்லோரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஒரே படியில் ஏறினார்கள். வடிவம் சாட்சி சொல்வதை நிறுத்திவிட்டது. மிஞ்சியது, வந்தவரின் சொல். எல்லோருக்கும் கதவைத் திறப்பதும் வந்தவர் சொல்லை நம்புவதும் இரண்டு முடிவுகள் அல்ல. ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள்.

சொல்லை நம்புவது அறிவாகுமா என்ற கேள்விக்கு நியாய தரிசனம் ஆகும் என்கிறது. காட்சி, அனுமானம், உவமை ஆகியவற்றுடன் சொல்லும் அதற்கு ஒரு தனிப் பிரமாணம், அதாவது அறிவுக்கான அளவை. ஆனால் யார் சொல்? ஆப்தனின் சொல். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்கு இரண்டு தகுதிகளைக் கேட்கிறார். பொருளை அவன் நேரே அறிந்திருக்க வேண்டும்; அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்ப வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். பிறப்பைக் கேட்காத வாசல் அது. துளையில் நுழைந்த கருவி முதல் தகுதியில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். தான் என்ன என்பதை அதைவிட நேரே அறிந்தவர் யார்? சிக்கல் இரண்டாவதில்தான்.

பௌத்தர்களுக்கு இந்தத் தாராளம் ஒத்துவரவில்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி அடுக்கும் நீண்ட அளவைப் பட்டியலில் ஆகமமும், அதாவது நூலின் சொல்லும் ஒன்று. ஆனால் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லித் தரும் அளவைகள் காண்டல், கருதல் என்று இரண்டுதான். காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவராக மரபு சொல்லும் பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரின் வாதமும் அதுவே. ஒருவர் சொல்லை நம்புகிறோம் என்றால், அவர் சொன்னது பொய்த்துப் போனதில்லை என்று அனுமானித்தே நம்புகிறோம். சொல்லுக்கென்று தனி வலிமை கிடையாது. இந்த வழியில் போனால் கணினி திகைத்து நிற்கும். முகவரி பூஜ்யத்தில் நிற்பவருக்கு ஏது பழைய கதை, எதை வைத்து அனுமானிப்பது?

பொய் எவ்வளவு சுலபம் என்பதை 2014 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹேட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் மேடையேற்றினார்கள். பென் டிரைவுக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி உண்டு. 'நீ யார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அதுதான். அதில் இருக்கும் நிரலை மாற்றி எழுதிவிட்டால் பென் டிரைவ் தன்னைக் கீபோர்டு என்று சொல்லும். கீபோர்டு என்பது கணினியின் பார்வையில் அதன் எசமானரின் விரல்கள். தட்டச்சு செய்வது போலக் கட்டளைகள் வந்து விழ, கணினி ஒவ்வொன்றையும் நிறைவேற்றும். ஆன்டி-வைரஸ் கண்டுபிடிக்காதா? பென் டிரைவில் இருக்கும் கோப்புகளை அது பார்க்கும். பதில் சொல்கிற அந்த நிரலைப் பார்க்காது. உள்ளே என்ன நிரல் இருக்கிறது என்று விசாரிப்பதானாலும் பதில் அந்த நிரலின் வாயிலிருந்தே வர வேண்டும். குற்றவாளியையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவன் நல்லவனா என்று அவனிடமே கேட்பது மாதிரி.

புத்தகக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு உள்ளே போன ஒருவனைத் தமிழர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூரை ஆண்ட சிற்றரசர். சிவனடியார் வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டவர் என்பதால் அந்தப் பெயர். போரில் அவரிடம் திரும்பத் திரும்பத் தோற்ற முத்தநாதன், உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, கையில் ஓலைச்சுவடிக் கட்டோடு ஓர் இரவில் அரண்மனைக்கு வருகிறான். வாயில்தோறும் காவலர்கள் கும்பிட்டு வழி விடுகிறார்கள். கடைசி வாயிலில் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், நேரம் பார்த்துப் போக வேண்டும் என்று நிறுத்திப் பார்க்கிறான். கேட்காமல் உள்ளே போகிறவன், உலகில் வேறெங்கும் இல்லாத ஆகம நூல் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். தனிமை வேண்டும் என்கிறான். அரசி விலகிப் போகிறாள். அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்திவிட்டு அரசர் தரையில் அமர்ந்து வணங்கும்போது, சுவடிக் கட்டு பிரிகிறது. கத்தி.

பாய்ந்து வந்த தத்தனைக் குத்துப்பட்ட அரசர் தடுக்கிறார், அவர் நம்மவர் என்று. எவரும் தீங்கு செய்யாமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடச் சொல்கிறார். தத்தன் விட்டுவிட்டுத் திரும்பி வந்து செய்தி சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

புதிதாகக் கேட்பவருக்கு இது ஏமாளியின் கதையாகப் படலாம். சைவ மரபு அப்படிப் படிக்கவில்லை. மெய்ப்பொருளார் முத்தநாதன் என்ற ஆளை நம்பியிருந்தால் கத்தியைக் கண்டதும் நம்பிக்கை உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை, ஏனென்றால் அவர் வணங்கியது ஆளை அல்ல, நீற்றையும் வேடத்தையும். ஒரு பொய்யன் அணிந்துகொண்டான் என்பதற்காக அடையாளம் பொய்யாகிவிடாது என்பது அவர் நிலை. இன்று ஒருவனை விசாரித்து நிறுத்தினால் நாளை உண்மையான அடியார் ஒவ்வொருவரும் அந்த வாயிலில் தன்னை நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பொதுத் துளையை வடிவமைத்தவர்கள் எதிர்கொண்ட கணக்கும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

இந்த நம்பும் குணம் அரசர்களுக்கும் எந்திரங்களுக்கும் மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென் டிரைவுகளை அங்கங்கே போட்டுவைத்தார்கள். 2016-ல் வெளியான முடிவுப்படி குறைந்தது 45 விழுக்காடு டிரைவுகளில் இருந்த கோப்புகளை எடுத்தவர்கள் திறந்து பார்த்தார்கள். முதல் டிரைவ் ஆறு நிமிடத்துக்குள் ஒரு கணினியில் ஏறிவிட்டது. ஏன் என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன காரணம், தொலைத்தவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான்.

பொய் என்றாலே கத்தி என்றும் இல்லை. 2009-ல் பாம் நிறுவனம் 'ப்ரீ' என்ற செல்போனை விற்றது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளோடு அது பேச வேண்டும். ஐடியூன்ஸோ ஆப்பிள் கருவிகளைத்தான் வரவேற்கும். எனவே 'நீ யார்' என்று கேட்டால் 'நான் ஆப்பிள்' என்று சொல்லும்படி ப்ரீயை மாற்றினார்கள். யு.எஸ்.பி. எண்களை ஒதுக்கும் அமைப்பிடம், ஆப்பிள் எண்ணைப் பார்த்துக் கதவை அடைக்கிறது என்று பாம் முறையிட்டது. அமைப்போ, பிறர் எண்ணைச் சொல்வதுதான் தவறு என்று பதில் எழுதியது. யாருக்கும் காயமில்லை, பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு ஒரு பொய்.

பொய் சொல்ல எண்ணம்கூடத் தேவையில்லை என்று காட்டியவை சில கேபிள்கள். பழைய பிளக்கிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். 'அந்தப் பக்கம் சாதாரணத் துளை, அளவாக எடு' என்று செல்போனுக்கு அது சொல்லும். அந்த இடத்தில் 10 கிலோ ஓம் இருந்தால் செய்தி மாறிவிடும்: '3 ஆம்பியர் வரை தாராளமாக எடுத்துக்கொள்.' அந்தப் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டால் துளை சூடேறிப் பழுதாகலாம். 2015 இறுதியில் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் ஆன்லைனில் விற்ற கேபிள்களைத் தன் பணத்தில் வாங்கிச் சோதித்து, பொய் பேசுகிறவற்றை வரிசையாக வெளியிட்டார். அடுத்த பிப்ரவரியில், கம்பிகளையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவர் சோதனைக்கு வைத்திருந்த லேப்டாப்பைப் பலிகொண்டது. சொல்ல விரும்புதல் என்ற வாத்ஸ்யாயனரின் தகுதியை ஒரு மின்தடையிடம் எப்படித் தேடுவது?

சான்றிதழ் கேட்டால் தீர்ந்துவிடாதா? 2016-ல் அதற்கும் ஒரு விதிமுறை வந்தது. டைப்-சி கருவி தன் பெயரைச் சொல்வதோடு, மறையீட்டு முறையில் கையெழுத்திட்ட சான்றிதழையும் நீட்ட வேண்டும். இது நியாயவாதியின் வழி: ஓர் அறிவு சரியா என்பது வேறொன்றால்தான் உறுதியாகும். 7-ஆம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரிலர் இதை மடக்கியிருக்கிறார். ஓர் அறிவை உறுதிசெய்ய இன்னோர் அறிவு, அதை உறுதிசெய்ய மற்றொன்று என்று போனால் எங்கே போய் முடிவது? மறுப்பு வரும்வரை அறிவைத் தன்னளவிலேயே ஏற்பதுதான் வழி என்றார். சான்றிதழ் சங்கிலியும் அந்த இடத்துக்கே போய்ச் சேருகிறது. கருவியின் சான்றிதழில் ஓர் இடைநிலை அதிகாரியின் கையெழுத்து, அவருடையதில் அவருக்கு மேலிருப்பவரின் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் உச்சியில் மூலச் சான்றிதழ். அதில் கையெழுத்திட்டிருப்பது யார் என்று பார்த்தால், அதுவேதான். தன்னைப் பற்றித் தானே சொல்லும் ஒரு சொல்லிலிருந்து தப்பிக்கக் கிளம்பியவர்கள், இன்னும் பெரிய ஒரு தற்சொல்லின் காலடியில் வந்து நிற்கிறார்கள்.

யு.எஸ்.பி.யின் பழைய விதிமுறையிலேயே வேறொரு விடை ஓரமாகக் கிடக்கிறது. வந்தவர் பெயரை ஆராயாமல் நம்பும் அந்தத் துளை, வந்தவர் பசியை அப்படி நம்பிவிடவில்லை. விசாரணை முடியும்வரை எந்தக் கருவிக்கும் 100 மில்லி ஆம்பியர்தான். கூடுதலாக வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கணினி ஒப்புக்கொண்டால் 500 வரை. கருவி தானாகப் பேசவும் முடியாது, கேட்டால்தான் பதில். பெயரை நம்பு, ஆனால் நம்பியதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வரம்பு வை என்பது அந்தப் பொறியாளர்களின் ஞானம். மின்சாரத்துக்கு அதைச் செய்தவர்கள் அதிகாரத்துக்குச் செய்யவில்லை. கீபோர்டு என்று சொன்னவுடன் வீட்டுச் சாவிக் கொத்தே கைக்குப் போய்விடுகிறது.

அண்மைக் காலத் திருத்தங்கள் எல்லாம் தத்தனை மறுபடி வாயிலில் நிறுத்தும் முயற்சிகள். ஆண்ட்ராய்டு செல்போனைக் கணினியில் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறும், மற்றதற்கு அனுமதி தர வேண்டும். 2018 முதல் ஐபோன், பூட்டி ஒரு மணி நேரம் கழிந்தால் யு.எஸ்.பி. கருவிகளோடு பேச மறுக்கும். 2022-ல் வந்த மேக் இயங்குதளம் ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள லேப்டாப்புகளில் புதிய கருவி நுழைந்தால், விடலாமா என்று உரிமையாளரைக் கேட்கிறது. கருவி உண்மை சொல்கிறதா என்று இவை எதுவும் கண்டுபிடிப்பதில்லை. தத்தனும் முத்தநாதனின் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. நேரம் பார்த்துப் போகலாம் என்றுதான் சொன்னான்.

2018 ஜூனில் சிங்கப்பூரில் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்தித்தபோது செய்தியாளர்களுக்குக் கொடுத்த அன்பளிப்புப் பையில் யு.எஸ்.பி.யில் சுழலும் குட்டி மின்விசிறி ஒன்று இருந்தது. இவ்வளவு உளவாளிகள் கூடும் ஊரில் யாரோ கொடுத்ததைச் செருகலாமா என்று பதற்றம் கிளம்பியது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் செர்கேய் ஸ்கோரோபோகடோவ் அத்தகைய விசிறி ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். மின்சாரத்துக்கு இணைப்பு இருந்தது. தரவுக் கம்பிகளுக்கு எதுவும் இணைக்கப்படவில்லை. 'நீ யார்' என்ற கேள்வியே காதில் விழாத ஊமை விசிறி. பொய் சொல்ல அதற்கு வாய் இல்லை. ஆனால் ஒரு விசிறியைப் பிரித்துப் பார்த்ததை வைத்து மற்ற விசிறிகளுக்குச் சான்று சொல்ல முடியாது என்றும் அவர் குறிப்பு எழுதினார். அறவண அடிகளின் காண்டல் அளவை அந்த ஒரு விசிறியோடு நின்றுவிட்டது.

ஜெராக்ஸ் கடையில் மாலைக் கூட்டம். சுருக்குப்பையிலிருந்து ஒரு பாட்டி பென் டிரைவை எடுத்து நீட்டுகிறாள். பேரன் கொடுத்துவிட்டானாம், உள்ளே முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் இருக்கிறதாம்.

"வைரஸ் எதுவும் இல்லையே, பாட்டி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நல்ல பையன்."

கடைக்காரர் வாங்கிச் செருகுகிறார். போகவில்லை. திருப்புகிறார்.